2012 மேக்புக்கில் மான்டெரே போட்ட கதை

குடியாத்தம் மாமாவின் மேக்புக் ப்ரோ 2012 மாடல். கேட்டலினா என்ற மேக் ஓ.எஸ். பதிப்போடு அதற்கு ஆப்பிளின் ஆதரவு முடிந்துவிட்டதால் பிரவுசரின் புதுப் பதிப்புகூட ஏறவில்லை. காட்பாடி கடையில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்கை வாங்கி மாட்டினேன், அதற்கே பாதி உயிர் வந்துவிட்டது.

அப்புறம் ஓப்பன்கோர் லெகசி பேட்சர், ஆதரவு முடிந்த மேக்கில் புது மேக் ஓ.எஸ். ஏற்ற உதவும் மென்பொருள். அதிலேயே கேட்டலினாவுக்குப் பிந்தைய பதிப்பான மான்டெரேயை இறக்கி, 32 ஜி.பி. பென் டிரைவில் இன்ஸ்டாலரையும் ஓப்பன்கோர் என்ற பூட் புரோகிராமையும் ஏற்றினேன். ஆப்ஷன் கீயை அழுத்தியபடி ஆன் செய்து, முதலில் ஓப்பன்கோரைத் தொடங்கும் ‘ஈ.எஃப்.ஐ. பூட்’டைத்தான் தேர்வு செய்ய வேண்டும். இன்ஸ்டாலரை நேராகத் தொட்டால் பூட் ஆகாது என்று காட்டும் தடை வட்டம்தான் வரும்.

இன்ஸ்டால் ஆனது, ஆனால் விண்டோவை நகர்த்தினாலே திரை நொண்டியது. இன்டெல் எச்.டி. 4000 கிராபிக்ஸுக்கான டிரைவர் மான்டெரேயில் கிடையாது. பேட்சரில், விடுபட்ட டிரைவரைத் திரும்பச் சேர்க்கும் ‘போஸ்ட் இன்ஸ்டால் ரூட் பேட்ச்’ ஓட்டி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. ஓப்பன்கோரை உள் டிஸ்கிலும் போட்டேன். இல்லாவிட்டால் பென் டிரைவைக் கழற்றியதும் பூட் ஆகாது.

சிஸ்டம் அப்டேட் வந்தால் ரூட் பேட்சை மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டேன். பேட்ச் ஓட சிஸ்டத்தின் பாதுகாப்புப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. பேங்க் வேலையை மட்டும் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறேன்.