வயலோரக் காவலரண்களை அளந்து பதிவது எப்படி

இங்கிலாந்தில் வயலோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் புதர் மூடிக் கிடக்கும் அறுகோணக் கான்கிரீட் கட்டடங்களில் பெரும்பாலானவை 1940 கோடையில் எழுந்தவை. பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை திரும்பிய கையோடு, ஜெர்மானியர் கரையிறங்கினால் உள்நாட்டிலேயே மறிக்க உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் அயர்ன்சைட் தடுப்புக் கோடுகளை வகுத்தார். 'பில்பாக்ஸ்' எனப்படும் இந்தக் காவலரண்கள் அக்கோடுகளின் கண்ணிகள். ஒன்றைத் தனியாக அளந்தால் பாதி வேலைதான். அது எதைக் குறிவைத்து நின்றது என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

முதல் வேலை நில உரிமையாளரிடம் அனுமதி கேட்பது. பொதுப் பாதை பக்கத்திலேயே போனாலும் அதை விட்டு வயலில் இறங்க அனுமதி வேண்டும். வெளி அளவுகளுக்குப் பிப்ரவரி நல்ல மாதம், செடிகொடி அடங்கியிருக்கும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளே நுழையாதீர்கள். வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்கும். அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம். மற்ற மாதங்களிலும் வௌவால் கண்ணில் பட்டால் வெளியேறிவிடுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். 30 மீட்டர் நாடா, 5 மீட்டர் எஃகு நாடா, 2 மீட்டர் அளவுகோல் கம்பு, டார்ச், திசைகாட்டி போதும்.

காவலரண்களின் வடிவமைப்புகளுக்கு எண் உண்டு. எந்த வகை என்பதைச் சுவர் நீளம் சொல்லிவிடும். ஆறு பக்கமும் ஏறக்குறைய 1.8 மீட்டர் என்றால் 22-ஆம் வகை. வாசல் உள்ள பின்சுவர் மட்டும் 4.3 மீட்டர் அளவுக்கு நீண்டு, மற்றவை குட்டையாக இருந்தால் 24-ஆம் வகை. அதிகம் காணப்படுவது இதுதான். வெளியே செங்கல் தெரிகிறது என்பதற்காகச் செங்கல் கட்டடம் என்று எழுதிவிடாதீர்கள். பலகைக்குப் பதில் செங்கல்லை அச்சாக அடுக்கி நடுவில் கான்கிரீட் ஊற்றி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். துப்பாக்கித் துளையின் ஓரத்தில் பார்த்தால் உள்ளிருக்கும் கான்கிரீட் தெரியும். சுவரின் கனத்தையும் அங்கேயே அளவிடுங்கள். தோட்டாவை மட்டும் தாங்கும் சுவர் சுமார் 30 சென்டிமீட்டர். பீரங்கிக் குண்டுக்கும் ஈடுகொடுக்கக் கட்டியது ஒரு மீட்டரையும் தாண்டும். பின்சுவர் மெல்லியதாக இருக்கலாம் என்பதால் வாசலில் மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது. படர்ந்த ஐவி கொடியைப் பிடுங்கவே வேண்டாம், செங்கல்லும் கூடவே பெயர்ந்து வரும்.

உள்ளே பலரும் தவறுவது உயரத்தில். பல ஆண்டுச் சேறும் சாணமும் தரையை உயர்த்தியிருக்கும். துளையின் உயரத்தைத் தரையிலிருந்து எடுத்தால் பொய்க் கணக்கு வரும். கூரையிலிருந்து கீழ்நோக்கி அளவிடுங்கள். நடுவில் ஒய் அல்லது டி வடிவக் குறுக்குச் சுவர் இருந்தால் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே பாய்ந்த தோட்டா தெறித்து ஆளைத் தாக்காமல் தடுக்க வைத்தது அது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டி முள்ளை இழுக்கும். குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நின்று, சுவரின் நேர்கோட்டில் திசையைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு துளை வழியாகவும் வெளியே பாருங்கள்: பாலமா, ஆற்றுத் துறையா, ரயில் மேடா? தென்மேற்கு இங்கிலாந்தின் டான்டன் தடுப்புக் கோடு மேற்கு நோக்கியது. டெவன், கார்ன்வால் பக்கம் இறங்கும் எதிரியைத் தடுப்பதே அதன் நோக்கம். அங்கே ஒரு முகப்பு கிழக்கே பார்க்கிறது என்று உங்கள் குறிப்பு சொன்னால், மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள்.

சுற்றிலும் நடந்து தேடுங்கள். டாங்கிகளை மறிக்கும் கான்கிரீட் கனசதுரங்கள் வேலியோரம் ஒதுக்கப்பட்டிருக்கும். உச்சியில் எஃகு முளையுள்ள குட்டைக் கான்கிரீட் உருளை கிணற்று மூடியல்ல, ஸ்பிகாட் மார்ட்டர் பீரங்கியின் பீடம். தூர்ந்துபோன அகழியை 1946-47-இல் விமானப்படை எடுத்த வான்படங்களில் தேடலாம். வெடிபொருள் போல எது தெரிந்தாலும் தொடாமல் விலகி அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள்.

பதிவை அந்தப் பகுதியின் பழங்காலச் சின்னங்களைப் பட்டியலிடும் மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். 1995 முதல் 2001 வரை நடந்த 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் தன்னார்வலர்கள் ஏறக்குறைய 20,000 இடங்களைப் பதிந்தார்கள். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்க வரைபடக் குறியீடு 100 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும். எட்டு அல்லது பத்து இலக்கத்தில் எழுதுங்கள். பழைய பதிவு சொல்லும் இடத்தில் இப்போது எதுவும் இல்லையென்றால், அதையும் தேதியோடு, படத்தோடு அனுப்புங்கள்.