மதிப்பெண் சீட்டில் மூவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நூறு உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தில், நிர்வாகக் குழுவின் மூன்று இடங்களுக்கு நால்வர் போட்டியிடுகிறார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் நால்வருக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் அமுதாவுக்கு 10, பாலுவுக்கு 9, சீதாவுக்கு 8, தேவிக்கு 0 இடுகிறார்கள். மீதி 40 பேர் தேவிக்கு மட்டும் 10 இட்டு, மற்றவர்களுக்கு 0 இடுகிறார்கள். கூட்டினால் அமுதா 600, பாலு 540, சீதா 480, தேவி 400. முதல் மூவரை அப்படியே எடுத்துக்கொண்டால், பத்தில் நான்கு பேருக்குக் குழுவில் ஆளே இருக்காது.

இதைச் சரிசெய்ய, ஒரு சுற்றுக்கு ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவரால் மனநிறைவு அடைந்தவர்களின் வாக்கு எடையை அடுத்த சுற்றில் குறைக்க வேண்டும். எடையைக் காண, ஒரு வாக்காளர் இதுவரை வென்றவர்களுக்கு இட்ட மதிப்பெண்களைக் கூட்டி 10ஆல் வகுத்து, அதனுடன் 1 சேர்த்து, வரும் எண்ணால் 1ஐ வகுக்கவும். வென்றவருக்கு 10 இட்டவரின் எடை பாதியாகும். 4 இட்டவருக்கு ஏறக்குறைய 0.71, 0 இட்டவருக்கு எதுவும் குறையாது.

முதல் சுற்றில் அமுதா வெல்கிறார். அவரை ஆதரித்த 60 பேரின் எடை பாதியாவதால் பாலு 270க்கும் சீதா 240க்கும் இறங்க, 400இலேயே நிற்கும் தேவிக்கு இரண்டாம் இடம் கிடைக்கிறது. மூன்றாவது இடம் பாலுவுக்கு. 60க்கு இரண்டு, 40க்கு ஒன்று.

கணக்கில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பழைய எடையையே மறுபடி பாதியாக்கிவிடுவார்கள். வென்ற இருவருக்கும் 10 இட்டவரின் எடை மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டில் உள்ள மூல மதிப்பெண்ணிலிருந்தே எடையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். வெற்றுக் கட்டத்துக்கு 0, சமநிலை வந்தால் குலுக்கல் என்பவற்றை வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று எடை இறங்கும் இந்த எண்ணம் டென்மார்க்கின் வானியலாளரும் கணிதவியலாளருமான தீலே 1895இல் முன்வைத்தது. அவருடைய சீட்டில் ஆதரவு உண்டு அல்லது இல்லை என்பது மட்டுமே இருந்தது. மதிப்பெண் வடிவத்தை ஆஸ்கர் விருதுக் குழு விஷுவல் எஃபெக்ட்ஸ் பரிந்துரைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறது.

தந்திரத்துக்கும் இதில் இடம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அமுதா எப்படியும் வெல்வார் என்று கருதி ஒருவர் அவருக்கு 0 இட்டால், அவருடைய எடை குறையாமல் பாலுவுக்கு 9 முழுதாகப் போய்ச் சேரும்; பக்கத்தில் நேர்மையாக வாக்களித்தவரிடமிருந்து 4.5தான் சேரும். ஆனால் ஏழு பேர் ஒரே சமயத்தில் இப்படிச் செய்தாலே அமுதா 530க்கு இறங்கி, பாலு முதல் சுற்றில் வென்றுவிடுவார். அவருக்கு 9 இட்டிருப்பதால் அந்த ஏழு பேரின் எடையும் மற்றவர்களுடையதைப் போலவே குறைந்துவிடும்.