விளக்கு அணையாமல் ஓடும் ஹார்ட் டிஸ்க்: காரணத்தைப் பிடிப்பது எப்படி?

4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இந்தக் கூட்டணியில் எதையும் திறக்காமலேயே டிஸ்க் கறகறவென்று ஓடும். டாஸ்க் மேனேஜர் 100% காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு கண்ட சர்வீஸையெல்லாம் நிறுத்தக் கிளம்பாதீர்கள். டிஸ்க் சும்மா இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கில் ஹெட் (தகவலைப் படிக்கும் முள்) ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தாவிப் படிக்கவே சுமார் 15 மில்லிசெகண்ட் ஆகும். 4 கேபி துண்டுகள் சிதறிக் கிடந்தால் நொடிக்கு 60, 70 துண்டுதான்; கூட்டினால் கால் எம்பி சொச்சம். அதற்கே 100% வந்துவிடும்.

ரீஸ்டார்ட் செய்து 15 நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். பிறகும் அடங்கவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதன் அடியில் ஓப்பன் ரிசோர்ஸ் மானிட்டர், அங்கே டிஸ்க் டேப். பார்க்க வேண்டியது ரெஸ்பான்ஸ் டைம், அதாவது கேட்டதற்கு டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரம்.

படிப்பதும் எழுதுவதும் சொற்பமாக இருந்தும் அது அடிக்கடி 1000 மில்லிசெகண்டைத் தாண்டினால் டிஸ்க் மேலேயே சந்தேகப்படுங்கள். முதல் வேலை ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக் டிஸ்க்கின் முழு ஸ்கேனை அதற்கு முன்னால் ஓட்டாதீர்கள்; சாகக் கிடக்கும் டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம். அடுத்து டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள்), கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள்) இரண்டையும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. அவை பூஜ்யமாக இருந்து, சிஆர்சி எரர் (தகவல் கடத்தும்போது வரும் பிழை) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் கோளாறு. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சரி.

டிஸ்க் நன்றாக இருந்தால், ரிசோர்ஸ் மானிட்டரின் ஃபைல் பட்டியலில் பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) மேலே நிற்கிறதா பாருங்கள். மெமரி டேபில் ஹார்ட் ஃபால்ட் (ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேரும் முறைகள்) நொடிக்கு நூற்றுக்கணக்கில் நீடித்தால் ராம் போதவில்லை. பேஜ்ஃபைலை அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அணைத்தால் புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளலாம். 4 ஜிபியை 8 ஆக்குங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மேலே நிற்பது சிஸ்மெயின் என்றால் (அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும் சர்வீஸ், பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச்) சர்வீசஸில் ஸ்டாப் கொடுத்து, ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்டு ஆக்கலாம். ஃபைல்களைத் தேடுவதற்குப் பட்டியல் போடும் சர்ச் இண்டெக்ஸர் என்றால் இண்டெக்சிங் ஆப்ஷன்ஸில் ஃபோல்டர்களைக் குறையுங்கள். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஸ்கேனும் விண்டோஸ் அப்டேட்டும் தாமாக முடியும், காத்திருங்கள்.

எல்லாம் பார்த்தும் இழுத்தால் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடலாம். பழைய சாட்டா 2 போர்ட்டிலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் தாவுவதற்கு அங்கே ஹெட்டே இல்லை. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தபின் (குளோன்) பயாஸில் டிஸ்க் இயங்கும் முறையை, பழைய ஐடிஇ மோடிலிருந்து நேரடியாகப் புதிய ஏஹெச்சிஐ ஆக்கினால் நீலத்திரை வரலாம். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் டிக்கை எடுத்துவிடலாம்.