மழை ஊரில் குடும்பப் போட்டோவுக்கு ஏற்ற சட்டம் (பிரேம்)

பிரேம் கடைக்குப் போகும் முன் வீட்டு நிலைக்கதவைப் பாருங்கள். தக்கலை, மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தேக்கு, அயினி, பலா என்ற மூன்று மரங்களில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். அயினியும் பலாவும் நாளாக ஆக மஞ்சள் மாறிக் கருத்துவிடும். அதனால் பளிச்சென்ற புதுப் பாலீஷ் சட்டம் அங்கே ஒட்டாது. கதவின் இன்றைய நிறமோ, அதைவிடச் சற்று அடர்ந்ததோ எடுங்கள். அகலம் 1 முதல் 1½ அங்குலம். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் கரிய மரம் எவ்வளவு அழகாக நிற்கும் என்பதைப் பத்மநாபபுரம் அரண்மனையிலேயே பார்க்கலாம். டைல்ஸ் போட்ட புதுக் கான்கிரீட் வீட்டுக்கு ½ அங்குலக் கறுப்பு அல்லது வெள்ளைச் சட்டமே போதும்.

சாம்பிள் மூலையைக் கடையில் கேட்டு வாங்கிவந்து, மாட்டப்போகும் சுவரில் பகலில் ஒரு தடவை, விளக்கைப் போட்டு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் காப்பி நிறமாகத் தெரிந்தது வீட்டில் சிவப்படிக்கும்.

போட்டோவைச் சுற்றி, கண்ணாடியில் படாதபடி இடையே வைக்கும் மவுண்ட் அட்டையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது வெறும் அலங்காரமில்லை. போட்டோவின் மேற்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். முகத்திலோ சேலைக்கரையிலோ நனைந்தாற்போல ஒரு பளபளப்புத் திட்டு தெரிந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் நகல் எடுங்கள். 8×12 படத்துக்குச் சுற்றிலும் 2 அங்குல மவுண்ட் விட்டால் சட்டத்தின் உள்ளளவு 12×16. அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். சாதா அட்டை படத்தின் ஓரத்தை மஞ்சளாக்கும்.

மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். சட்டம் விலை குறைவுதான், ஆனால் ஈரம் குடித்து மூலையில் உப்பி வாய் பிளக்கும். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் ஃபைபர் சட்டம் வாங்குங்கள், கரையான் தொடாது.

தென்மேற்கு மழைச்சாரல் அடிக்கும் மேற்கு வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்சுவரில் மாட்டுங்கள். பின்பக்கக் கீழ் மூலைகளில் ரப்பர்க் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் பொருபொருவென்று உதிரும். 6 மி.மீ. துளை போட்டு, பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் பிடிக்கும்படி ஒரு பிளாஸ்டிக் பிளக்கையும் அதற்குள் 2 அங்குல ஸ்க்ரூவையும் இறக்குங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடி உயரத்தில் வரட்டும்.

மாலை போடும் படத்துக்குக் கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் அக்ரிலிக் (பிளாஸ்டிக் தகடு) ஆகாது. சந்தனம், குங்குமத்தைத் துடைத்துத் துடைத்தே கீறிவிடும், கண்ணாடிதான் சரி. மாலையைச் சட்டத்தில் சுற்றாமல், அதற்கு 2 அங்குலம் மேலே தனி ஆணியில் தொங்கவிடுங்கள். பூவில் தெளித்த நீர் கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் தேங்கித்தான் பல படங்களில் அடி மூலை முதலில் கெடுகிறது.