"பிறகு படிக்கிறன்" என்னும் பிள்ளையை மேசைக்குக் கொண்டுவர ஒரு வழி

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கையில் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை இது. ஒரு கொப்பியும் பேனையும் போதும். செயலி எதுவும் வேண்டாம். போனைத் தொட்ட பிள்ளை பாடத்துக்குத் திரும்புவது கடினம்.

படி 1. சோம்பேறி என்று ஏசாதீர்கள். தள்ளிப்போடுதலை நீண்டகாலம் ஆராய்ந்த கனடா உளவியலாளர் திமோதி பிச்சில் அதை உணர்ச்சியைச் சமாளிக்கும் சிக்கலாகவே பார்க்கிறார். பயமோ சலிப்போ வரும்போது அதிலிருந்து தப்பத்தான் பிள்ளை புத்தகத்தை மூடுகிறது. எந்தப் பாடம் தள்ளிப்போகிறது, அதை நினைத்தால் மனதில் என்ன வருகிறது, இரண்டையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

படி 2. வேலையைச் சிறிதாக்குங்கள். "இணைந்த கணிதம் படிப்பேன்" என்றால் எங்கே தொடங்குவது? "கடந்தகால வினாத்தாளில் ஏ பகுதி முதல் கேள்வியை வாசித்து, தரவுகளை எழுதுவேன்" என்றால் கை தானாக நகரும்.

படி 3. பெரும்பாலானோர் தடுக்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விற்சர் 1999இல் எழுதிய கட்டுரை பிரபலமானது. பிள்ளைகளிடம் கொடுத்தால் உடனே "7 மணிக்குப் படிக்க இருப்பேன்" என்று எழுதுவார்கள். வன்னியில் 7 மணி பிள்ளையின் கையிலா இருக்கிறது? பரந்தனில் பஸ் பிந்தும், மாடு பட்டிக்கு வராது, காலபோக நெல் அறுவடை என்றால் வீடே வயலில் நிற்கும். மணி தவறியதும் "இண்டைக்குப் போச்சு" என்று முழு இரவும் போய்விடும். அதனால் மணிக்கூட்டை விடுங்கள், எப்படியும் நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள்: "கால் கழுவி உள்ளே வந்ததும்", "தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும்". அடுத்து வரும் செயலும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். "கவனமாகப் படிப்பேன்" என்று எழுதினால் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

படி 4. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. புதியவர்களுக்கு 10 நிமிடமே போதும். போனைவிடச் சாதாரண அலாரம் மணிக்கூடு நல்லது.

படி 5. தவறிய நாளுக்கு "விட்டது" என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த நாள் இரட்டை வேலை கொடுக்காதீர்கள், அது பயத்தைத்தான் கூட்டும். முதல் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்த மாணவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டதை பிச்சிலும் மற்றவர்களும் 2010இல் காட்டினார்கள். விழுந்தும் எழும்பும் பழக்கம் இங்கேதான் வளர்கிறது.

பிற்சேர்க்கை: அறுவடைக்கு என்ன செய்வது என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். ஒரே ஒரு கேள்வியைத் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கட்டும். அப்புறம் ஒன்று: பிள்ளைக்கு நாட்கணக்கில் நித்திரை இல்லை, அழுதுகொண்டே இருக்கிறது என்றால் இந்தக் கொப்பி உதவாது. இழப்பைச் சுமக்கும் வீடுகள் இங்கே ஏராளம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது தேசிய உளநல உதவி எண் 1926க்கு அழையுங்கள்.