எக்ஸ்த்ரமதூராவில் சைக்கிள்: ரெண்டு மணிக்குள் ஊர் சேருங்கள்

ஸ்பெயினில் ஆளரவமில்லாத தார்ச்சாலை வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது போர்ச்சுகலை ஒட்டிய எக்ஸ்த்ரமதூராவை. ஏப்ரலில் போங்கள். ஜூலையில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

த்ருஹியோவில் தொடங்கி ஸொரீத்தா, லொக்ரோஸான், கன்யமேரோ வழியாக குவாதலூப்பே. சுமார் 80 கிலோமீட்டர். பெரும்பகுதி ஓக் மரத் தோப்புகள். அடியில் கறுப்புப் பன்றிகள் மேயும். கன்யமேரோ தாண்டினால்தான் ஏற்றம். அதற்குக் கால்களில் தெம்பு மிச்சம் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அசட்டை கூடாது. மதியம் ரெண்டிலிருந்து ஐந்துவரை ஊரே கதவடைத்துத் தூங்கும், மளிகைக்கடை உட்பட. ரெண்டு பெரிய பாட்டில் கட்டாயம். ஊர்க்குழாயில் 'நோ போத்தாப்ளே' (குடிக்க உகந்ததல்ல) என்ற பலகை இருந்தால் முகம் மட்டும் கழுவுங்கள்.

காலையில் பாரில் மீகாஸ் கிடைத்தால் விடாதீர்கள்: பழைய ரொட்டியை உதிர்த்து, பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு எண்ணெயில் வதக்குவார்கள். நம்ம கொத்துப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. கையில் வாழைப்பழம் இருக்கட்டும்.

ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். முந்தும் கார்கள் ஒன்றரை மீட்டர் தள்ளிப்போக வேண்டும் என்பதும் சட்டம்தான்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். த்ருஹியோவில், பெருவை வென்ற ஸ்பானியப் படைத்தலைவன் பிஸாரோவின் குதிரைச்சிலை நிற்கும் சதுக்கத்திலிருந்து கோட்டைக்கு ஏறும் கல்பாவிய சந்துகளில் மெல்லிய டயர் இடுப்பை ஒடித்துவிடும். அங்கே இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.