நடக்கப் பழகிய பிள்ளையோடு கிறிஸ்துமஸ்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கேரல் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். போன டிசம்பரில் டிரம் சத்தம் கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்த மகளை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாயை நீட்டினார். "ஏட்டி, பிள்ளைய தாத்தா கையில குடு, ஒரு போட்டோ எடுப்போம்" என்றார் என் அத்தை. நானும் கொடுத்துவிட்டேன். வீறிட்ட பிள்ளை விடியும்வரை என் கழுத்தை விடவில்லை. அதன்பின் பல நாள் எங்கே கொட்டுச் சத்தம் கேட்டாலும் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

தவறு என்னுடையது. இந்த வயதில் பிள்ளை ஆளை அறிவது முகத்தை வைத்துத்தான். அசையாத வாய்க்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தால், அதுவும் அரைத்தூக்கத்தில், அது நடுங்காமல் என்ன செய்யும்? தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம். விழித்திருந்தால் மடியில் வைத்து ஜன்னல் வழியே காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் மாமாவோ சித்தப்பாவோ முகமூடியைப் போட்டுக் கழற்றிக் காட்டினால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து பலகாரம். முந்திரிக்கொத்தின் பெயரில்தான் முந்திரி. உள்ளே வறுத்த பாசிப்பயறு மாவும் பாகும். சுட்ட அன்று பொலபொலவென்று உதிரும். நாலு நாள் போனால் கல்லாகிவிடும். அதை முழுசாகப் பிள்ளை கையில் கொடுப்பது பெரிய ஆபத்து. முறுக்குத் துண்டும் அப்படித்தான். முந்திரிப்பருப்பு, கடலை போன்ற முழுப் பருப்புகளை நாலைந்து வயதுவரை கொடுக்க வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது. கடைவாய்ப் பல் சரியாக முளைக்காததால் மென்று அரைக்கத் தெரியாது. ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ தின்றால் மூச்சுக்குழாயில் போய்விடும். உட்கார வைத்து, விரலால் பொடித்து ஊட்டுங்கள். பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேக்கில் ரம்மில் ஊறிய பழம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆச்சியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆசையில் வாயில் வைத்துவிடுவார்கள்.

புரையேறினால் இரும விடுங்கள். இருமவே முடியாமல், சத்தமும் வராமல் திணறினால் பிள்ளையைக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு தட்டுங்கள். கூட இருப்பவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விட்டால் அடைத்தது இன்னும் உள்ளே போகும்.

நான் அதிகம் பயப்படுவது பட்டன் பேட்டரிக்கு. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கிறிஸ்துமஸ் மரமாகச் சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டால் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். பிடித்து இழுக்காத பிள்ளை கிடையாது. டிசம்பர் ஈரத்தில் சுவரே நனைந்திருக்கும் என்பதால் சீரியல் லைட் வயர் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கக் கூடாது.

அதிகாலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, குத்துகிற நெட் கவுனை மாட்டுவதையும் நிறுத்திவிட்டோம். இந்த வருடம் அவள் அப்பா அதிகாலையில் ஊசிக்கோபுரம் தேவாலயத்துக்குப் போகிறார். அவர் திரும்பி வந்ததும் அடுத்த ஆராதனைக்கு நான்.

இயேசு பிறப்புக் குடிலைத் தொட்டதற்கு அடிக்கவும் வேண்டாம். மண் பொம்மைகளை அலமாரியில் ஏற்றிவிட்டு, பழைய சேலைத் துணியில் ஒரு பாலன், ஒரு மாடு, இரண்டு ஆடு தைத்துத் தரையில் வைத்திருக்கிறேன். நேற்று அவள் பாலனை மாட்டின் முதுகில் படுக்க வைத்து, தன் துண்டால் போர்த்திவிட்டு, "சத்தம் போடாத" என்று எனக்கு விரல் காட்டினாள்.